ஒரு மணி நேரத்தில் அணையும் இன்வெர்ட்டர்: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

கூடம், இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை கொண்ட வீடு. மின்சாரம் போனால் ஐந்து மணி நேரமாவது தாங்கும் என்று நம்பி வைத்த இன்வெர்ட்டர், ஒரு மணி நேரம் தாண்டியதும் கூவத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. பேட்டரி மூன்று வருடப் பழசு: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, டியூபுலர் எனும் ஈய-அமில வகை. இது போதாதென்று, இரண்டாவது படுக்கையறையின் மின்விசிறியைப் போட்டால் டிபி பெட்டியில் (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டி) ஆர்சிசிபி (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. யாரோ ஒருவர் வந்து, ஆர்சிசிபியைத் தாண்டி ஒரு கம்பி போட்டுச் ‘சரி’ செய்துவிட்டுப் போயிருக்கிறார். பேட்டரியை மாற்றிவிடுங்கள் என்பது அடுத்த ஆலோசனை.

இது எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட வீடு. வீட்டு வேலைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோளாறுகளை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்கிறோம். எண்கள் எல்லாம் கணக்கிட்டவை, யாரும் போட்டுச் சரிபார்க்கலாம். பேட்டரியின் மேல் பழி போடும் முன் கம்பியை அளந்து பார்க்க வேண்டும் என்பதே இந்த ஆய்வு முழுக்க வலியுறுத்துவது. புது பேட்டரியை அதே பழைய கம்பியில் மாட்டினால், பழைய புகார் சில மாதங்களில் திரும்பி வரும்.

முதலில் லோடு

மின்சாரம் இல்லாத இரவில் இந்த வீட்டில் ஒரே நேரத்தில் ஓடுபவை: பழைய வகை மின்விசிறி மூன்று, தலைக்கு 75 வாட், ஆக 225. எல்இடி பல்பு நான்கு, 36. எல்இடி டியூப் ஒன்று, 20. ரவுட்டர் 12, டிவி 80, கைபேசி சார்ஜர்கள் 20. மொத்தம் 393, 400 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

விற்கும்போது சொல்லும் கணக்கு 12 × 150 = 1800 வாட்-மணி, அதை 400-ஆல் வகுத்தால் நாலரை மணி நேரம் என்பது. இதில் இரண்டு ஓட்டைகள். இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சுமார் 15 சதவீதம் சாப்பிடும். அதைவிடப் பெரிய ஓட்டை, 150 ஆம்பியர்-மணி என்ற எண் பெரும்பாலும் சி20 கணக்கு, அதாவது 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் அளவு. இங்கே பேட்டரியிலிருந்து இழுப்பதோ 400 ÷ (12 × 0.85), சுமார் 39 ஆம்பியர். ஈய-அமில பேட்டரியில் வேகமாக எடுக்க எடுக்கக் கிடைப்பது குறையும். இந்தக் குறைவைக் கணக்கிடும் பியூக்கர்ட் விதியில் அடுக்கெண்ணை 1.2 என்று வைத்தால், புத்தம்புது பேட்டரியே இந்த லோடில் ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம்தான் ஓடும். ஐந்து மணி நேரம் என்பது ஆரம்பத்திலிருந்தே நடக்காத காரியம்.

ஆனாலும் இரண்டே முக்கால் மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. மூன்று வருட வயது அதில் ஒரு பகுதிதான். மீதி எங்கே போனது?

இரண்டு இடத்தில் வைத்த மீட்டர்

மல்டிமீட்டரை டிசி (நேர்மின்சார) வோல்ட்டில் வைத்து, இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடும்போது இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். ஒன்று பேட்டரியின் ஈய முனையிலேயே (கம்பி நுனியில் பொருத்தியிருக்கும் உலோகக் காதான லக்கின் மேல் அல்ல), மற்றொன்று இன்வெர்ட்டரின் டெர்மினலில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கம்பியிலும் இணைப்பிலும் தொலைவது.

இந்த வீட்டில் பேட்டரி பால்கனியிலும் இன்வெர்ட்டர் கூடத்திலும் இருக்கின்றன. இடையில் 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி, போக 3 மீட்டர், வர 3 மீட்டர். அந்தக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 3 ஓம், 6 மீட்டருக்கு 0.018 ஓம். பார்க்க ஒன்றுமில்லாத எண்தான். 39 ஆம்பியரால் பெருக்கினால் 0.7 வோல்ட். பிளஸ் முனையில் பச்சை பூத்த லக் ஒன்று 0.008 ஓம் தடை காட்டுகிறது என்றால் அங்கே இன்னொரு 0.3 வோல்ட். ஆக ஒரு வோல்ட் காலி.

12 வோல்ட் அமைப்பில் ஒரு வோல்ட் என்பது உயிர்நாடி. இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டில் அணையும்படி அமைந்தது. தன் டெர்மினலில் 10.5 தெரிந்ததும் அது அணைகிறது. அந்த நொடியில் பேட்டரி முனையில் 11.5 வோல்ட் நிற்கிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாயில்தான் வரவில்லை.

அந்த லக்கைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக், உள்ளே கம்பி இழைகள் பாதிதான் பிடிபட்டிருக்கின்றன. அதற்கு மேல், பேட்டரி முனைக்கும் லக்குக்கும் நடுவே ஒரு இரும்பு வாஷர். மிக அடிக்கடி நடக்கும் தவறு இது. லக் நேராக முனையின் மேல் உட்கார வேண்டும். அதன் மேல் வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட்டு. வாஷர் இறுக்குவதற்கே தவிர மின்சாரம் கடத்துவதற்கு அல்ல. இப்போது அந்த ஒரு புள்ளியில் 39 × 39 × 0.008, அதாவது 12 வாட் வெப்பம் உண்டாகிறது. லோடு ஓடும்போது இன்சுலேஷன் இளகுவதும், முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் நிறம் மாறுவதும் இதனால்தான்.

இதே மெலிந்த கம்பி சார்ஜ் ஏறும்போதும் கெடுதல் செய்கிறது. சார்ஜர் தன் டெர்மினலில் 14.4 வோல்ட் பார்த்ததும், பேட்டரி நிரம்பி வருகிறது என்று எண்ணி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். 15 ஆம்பியர் ஓடும்போது 0.026 ஓம் தடையில் 0.4 வோல்ட் தொலைவதால் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 14.0 மட்டுமே. மின்னோட்டம் குறையக் குறைய இந்த வித்தியாசமும் குறையும், ஆகவே நாள் முழுக்க மின்சாரம் இருந்தால் கடைசியில் நிரம்பிவிடும். தினமும் மின்வெட்டு வரும் இடத்தில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அரைகுறையாக நிரம்பி நிற்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிகிறது. கொள்ளளவு நிரந்தரமாகச் சுருங்குகிறது. ‘பேட்டரி போய்விட்டது’ என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைக் கொன்றது கம்பி.

கடன் வாங்கிய நியூட்ரல்

ஆர்சிசிபி விழும் விஷயம் இதைவிடத் தீவிரமானது, உயிர் சம்பந்தப்பட்டது. டிபியில் இரண்டு ஆர்சிசிபி: விளக்கு, மின்விசிறிகளுக்கு ஒன்று, ஏசி, கீசர் போன்ற பெரிய லோடுகளுக்கு ஒன்று. இன்வெர்ட்டருக்கு முதலாவதிலிருந்து இணைப்பு. இரண்டாவது படுக்கையறை மின்விசிறியின் பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. அதன் நியூட்ரலையோ (மின்சாரம் திரும்பும் கம்பி), வயரிங் செய்தவர் சுவிட்ச் பெட்டிக்குள் பக்கத்திலேயே இருந்த ஏசி பாயின்ட் நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருக்கிறார். ஒரே ஆர்சிசிபி இருந்த காலத்தில் இது வெளியே தெரியவில்லை.

75 வாட் மின்விசிறி எடுப்பது 0.33 ஆம்பியர், அதாவது 330 மில்லி ஆம்பியர். அது முதல் ஆர்சிசிபியின் பேஸ் வழியாகப் போய் இரண்டாவதன் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. போனது திரும்பவில்லை என்று முதலாவது நினைக்கிறது. போகாதது வருகிறது என்று இரண்டாவது நினைக்கிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே விழ வேண்டிய சாதனம் 330-ல் விழுவது நியாயம்தானே. பேட்டரியில் ஓடும்போதும் மின்னோட்டம் அதே சுற்றுவழியில்தான் திரும்புகிறது, ஆகவே அப்போதும் விழும். ஆர்சிசிபி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது; அதைத்தான் கம்பி போட்டு முடக்கியிருக்கிறார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி: மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரு சர்க்கியூட்டின் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து நுழைக்க வேண்டும். சரியான வயரிங்கில் சுழியை ஒட்டி நிற்கும். இந்த மின்விசிறியைப் போட்டதும் 330 காட்டினால் நியூட்ரல் வேறெங்கோ போகிறது. பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, அந்த நியூட்ரலைக் கழற்றி, மின்னணுச் சாதனங்களைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரால் மற்ற நியூட்ரல்களுக்கு எதிராக அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ ஒட்டுறவு இருக்கிறது. மாடிப்படி விளக்கின் இருவழி சுவிட்ச் பெட்டி சந்தேகப்பட வேண்டிய அடுத்த இடம்.

இதற்குக் குறுக்குவழி கிடையாது. அந்த அறைக்கு 1.5 சதுர மி.மீ. தனி நியூட்ரல் இழுத்தே ஆக வேண்டும். குழாயில் இடமில்லாவிட்டால் அந்த மின்விசிறியை இன்வெர்ட்டரிலிருந்து எடுத்துவிடலாம். கடன் நியூட்ரலை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஏசி பாயின்டின் நியூட்ரல் முடிச்சை அவிழ்ப்பவர் கையில், இன்வெர்ட்டரின் 230 வோல்ட் மின்விசிறிச் சுருள் வழியாக வந்து நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பெரிய பேட்டரி வாங்கும் முன் மின்விசிறிகளை மாற்றுவது லாபம். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) வகை 30 வாட் எடுக்கும். மூன்றுக்கும் சேர்த்து 135 வாட் மிச்சம், ஐந்து மணி நேரத்தில் 675 வாட்-மணி. லோடு 260 வாட்டுக்கு இறங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியையும் சேர்க்க வேண்டும் என்றால், ஓடும்போது 150 வாட், மூன்றில் ஒரு பங்கு நேரமே ஓடுகிறது என்று வைத்து சராசரி 50 வாட். மொத்தம் 310. ஐந்து மணிக்கு 1550 வாட்-மணி.

25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி (3.2 வோல்ட் செல் எட்டு) வைத்திருப்பது 2560 வாட்-மணி. அதில் 80 சதவீதம் எடுத்து, இன்வெர்ட்டர் திறன் 88 சதவீதம் என்று போட்டால் 1800 கைக்கு வரும், 5 மணி 48 நிமிடம். வயதாகி கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்தபின் 4 மணி 40 நிமிடம் வரை இறங்கும். அந்தக் கடைசிக் காலத்தில் 90 சதவீதம் வரை எடுக்கவிட்டால் ஐந்து மணி திரும்பக் கிடைக்கும். போதும்.

150 ஆம்பியர்-மணி டியூபுலர் இரண்டைத் தொடராகக் கோத்து 24 வோல்ட் ஆக்கினாலும் இந்த வேலை நடக்கும். லோடு 15 ஆம்பியராகக் குறைந்துவிட்டதால் சுமார் 130 ஆம்பியர்-மணி கிடைக்கும், அதில் 60 சதவீதம் எடுத்தாலே ஐந்து மணி நேரம். அது தவறான தேர்வல்ல. ஆனால் எடை நூறு கிலோவைத் தாண்டும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறுவதால் காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். இரண்டு பேட்டரியும் ஒரே மாடல், ஒரே வயதாக இருக்க வேண்டும். பழசும் புதுசும் கோத்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே இங்கே லித்தியத்தையே எடுத்துக்கொள்கிறோம்.

இன்வெர்ட்டர்: தூய சைன் அலை, 1.5 கேவிஏ, 1200 வாட், 24 வோல்ட். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு எடுக்கும் என்பதால்தான் இந்த அளவு. சதுர அலை இன்வெர்ட்டரில் மின்விசிறி உறுமுவதும் மோட்டார் சூடேறுவதும் அலையின் வடிவத்தால் வருபவை, மின்விசிறியின் குற்றமல்ல. 12 வோல்ட்டிலிருந்து 24-க்குப் போவதால் அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாகிறது, அதே கம்பியில் இழப்பு நான்கில் ஒரு பங்காகிறது. ஒரு கிலோவாட்டுக்கு மேல் 12 வோல்ட் அமைப்பு போடுவதை இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்ப்பது நல்லது.

அமைக்கும் வேலை

பேட்டரியும் இன்வெர்ட்டரும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றரை மீட்டர் கம்பிக்குள். கூடத்தின் உள்சுவரில், வெயில் படாத, வெளியேறும் வழியை மறிக்காத இடம், படுக்கையறை வேண்டாம். ஈய-அமில பேட்டரியாக இருந்தால் அதற்கு நேர் மேலே இன்வெர்ட்டரை வைக்கக் கூடாது, அமில ஆவி மேலேறிச் சர்க்கியூட் போர்டை அரித்துவிடும்.

டிசி கம்பி 25 சதுர மி.மீ., மெல்லிய இழைகள் கொண்ட வளையும் செம்பு. பேட்டரி 24 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் 1200 வாட் எடுத்தால், 88 சதவீதத் திறனையும் சேர்த்து, 57 ஆம்பியர். கால் பங்கு கூட்டினால் 71. ஆக 80 ஆம்பியர் ஃபியூஸ். அது பிளஸ் முனையிலிருந்து 20 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் கம்பிக்குப் பாதுகாப்பே கிடையாது. ஏசிக்கான (இங்கே குளிர்விக்கும் ஏசி அல்ல, மாறுமின்சாரம்) எம்சிபியை, அதாவது அளவு மீறிய மின்னோட்டத்தில் விழும் சுவிட்சை, இங்கே போடுவது ஆபத்து. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி தானே அணைகிறது. டிசியில் அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். டிசி வோல்ட்டும், ஆயிரக்கணக்கான ஆம்பியர் குறுக்கு (ஷார்ட் சர்க்கியூட்) மின்னோட்டத்தை அறுக்கும் திறனும் அச்சிட்ட ஃபியூஸே வேண்டும்.

லக்குகள் தகரம் பூசிய செம்பு, ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் அறுகோணமாக அழுத்தியவை. அழுத்தியபின் கையால் முழு பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கத்தை டார்க் ஸ்பானரில் (இறுக்கும் விசையை அளவிடும் ஸ்பானர்), பேட்டரியின் விவரத் தகட்டில் போட்டிருக்கும் அளவுக்கு வைக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் செல் முனையின் மரை கிழிந்துவிடும். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி கழற்றிவிட்டு, இன்சுலேட்டட் ஸ்பானரோடுதான் இந்த வேலை. இந்தக் கம்பிகளுக்குக் குறுக்கே விழும் இரும்பு ஸ்பானர் நொடியில் செந்நிறமாகும்.

ஏசி பக்கம் எல்லாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மின்சாரம் திரும்பி வந்ததும் இன்வெர்ட்டர் இரண்டு சுமையைத் தாங்குகிறது: வீட்டு லோடு, கூடவே பேட்டரி சார்ஜ். 25 ஆம்பியர் சார்ஜருக்கு மட்டும் சுமார் 800 வாட் வேண்டும். முழு லோடும் சேர்ந்தால் 2000 வாட், ஏறக்குறைய 9 ஆம்பியர். இதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டி ஒரு சதுர மி.மீ. கம்பியில் ஓடவிட்டால் மின்வெட்டுக்குப் பிந்தைய முதல் மணி நேரத்தில்தான் சாக்கெட் கருகும். தனி 16 ஆம்பியர் எம்சிபி, 2.5 சதுர மி.மீ. கம்பி. இன்வெர்ட்டரின் உடலுக்கு வீட்டு எர்த்திலிருந்து தனி எர்த் கம்பி.

இன்வெர்ட்டர் வெளியீட்டுக்குத் தனியாக ஒரு சின்ன டிபி: இருமுனை எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (துடிப்பாக வரும் டிசி கசிவையும் பிடிக்கும் ஏ வகை), அதற்குப் பின் சொந்த நியூட்ரல் பட்டை, ஒவ்வொரு சர்க்கியூட்டுக்கும் 6 ஆம்பியர் எம்சிபி. இன்வெர்ட்டர் சர்க்கியூட்டுகளின் நியூட்ரல் இந்தப் பட்டையைத் தவிர வேறெங்கும் தொடக் கூடாது. பக்கத்தில், இன்வெர்ட்டரைப் பழுதுக்குக் கழற்றும் நாளுக்காக, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஏற்கெனவே இருந்த ஆர்சிசிபியைச் சுற்றிய கம்பி முதல் வேலையாக அகற்றப்படுகிறது. இந்த ஏசி வேலைகள் உரிமம் பெற்ற மின் பணியாளர் செய்ய வேண்டியவை.

முதல் இணைப்பில் ஒரு சிக்கல் வரும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் காலியாக இருப்பதால், கம்பி தொட்டதும் பெரிய தீப்பொறி தெறிக்கும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்கியூட்டான பிஎம்எஸ் அதைக் குறுக்கு மின்னோட்டம் என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்ளும். புது பேட்டரி செத்துவிட்டது என்று திருப்பி அனுப்பிய கதைகள் பல இப்படி ஆரம்பித்தவையே. 50 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பிளஸ் கம்பிக்கும் முனைக்கும் நடுவே சில நொடி பிடித்து, கெபாசிட்டர் நிரம்பியபின் போல்ட்டைப் பூட்டினால் பொறியே இருக்காது.

செட்டிங்கும் சோதனையும்

இன்வெர்ட்டரை டியூபுலர் செட்டிங்கிலேயே விட்டுவிட்டு லித்தியம் மாட்டுவது அடுத்த பொதுத் தவறு. ஈக்குவலைசேஷன் சார்ஜ் (செல்களைச் சமப்படுத்த வோல்ட்டை ஏற்றிச் செய்வது) கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். ஈய-அமிலத்துக்கான அந்த உயர் வோல்ட்டில் பிஎம்எஸ் இணைப்பைத் துண்டித்துவிடும். இந்தப் பேட்டரிக்கு வைப்பது: சார்ஜ் 28.4 வோல்ட் (செல்லுக்கு 3.55), ஃப்ளோட் (நிரம்பியபின் நிறுத்தி வைக்கும் வோல்ட்) 27.2, அணையும் எல்லை 24.0. பிஎம்எஸ் 20 வோல்ட் வாக்கில் துண்டிப்பதற்கு வெகு முன்பே இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும். பேட்டரியோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்தத் தாளே சரி.

மீதமிருக்கும் சார்ஜை வோல்ட் பார்த்துக் கணிக்க முடியாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 20 சதவீதத்திலிருந்து 80 வரை வோல்ட் ஏறக்குறைய ஒரே கோடாக ஓடும். மைனஸ் கம்பியில் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மிகச் சிறிய தடை) வைத்து ஆம்பியர்-மணி எண்ணும் மீட்டர் வேண்டும். அதுவும் பேட்டரி முழுதாக நிரம்பும்போதெல்லாம் நூறில் சரிசெய்யப்பட வேண்டும்.

பிறகு மெயினை வேண்டுமென்றே அணைத்து, முழு 1200 வாட் லோடு கொடுத்து, மறுபடி அந்த இரண்டு இடத்து அளவு. 25 சதுர மி.மீ.யில் போக வர 3 மீட்டருக்கு 0.0023 ஓம், 57 ஆம்பியரில் 0.13 வோல்ட். ஃபியூஸ், லக்குகள் சேர்ந்து 0.25-க்குள் நின்றால் வேலை சுத்தம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மில்லி வோல்ட் அளந்து குற்றவாளியைப் பிடிக்கலாம். அரை மணி ஓடியபின் லக்குகளை வெப்பமானியால் பார்த்தால், மற்றவற்றைவிடச் சூடான ஒன்று தனியாகத் தெரியும்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை பேட்டரியில் ஓடும்போது அழுத்தினால் விழும். அதை வைத்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. அந்தப் பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை. பேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காயிலைச் சுற்றிக்கொண்டு மின்சாரத்தை விடுகிறது, அவ்வளவே. பேட்டரி ஓட்டத்தில் நியூட்ரல் எர்த்தோடு தொடர்பற்று மிதந்துகொண்டிருந்தால், பட்டன் வேலை செய்யும், மனிதர் தொட்டால் ஆர்சிசிபி விழாது. எனவே பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும்: ஓரிரு வோல்ட் என்றால் தொடர்பு இருக்கிறது, 60, 100 என்று அலைந்தால் மிதக்கிறது. சாக்கெட்டில் செருகி பேஸிலிருந்து எர்த்துக்கு 30 மில்லி ஆம்பியர் விடும் ஆர்சிசிபி டெஸ்டர் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. உள்வரும் நியூட்ரல் நேராக வெளியீட்டுக்குப் போகும் இன்வெர்ட்டரில், மெயின் சுவிட்ச் நியூட்ரலையும் துண்டிக்கும் வகையாக இருந்தால், மெயினை அணைத்த நிலையிலும் இந்த அளவைத் தனியாக எடுக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து எல்லா டிசி போல்ட்டும் ஒருமுறை டார்க் ஸ்பானரில். டிபி மூடியின் உட்புறம் ஒட்டும் சீட்டில் எழுத வேண்டியவை: இந்த வீட்டில் இரண்டு மின்மூலம், மெயினை அணைத்தால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் பேட்டரி ஃபியூஸையும் எடுத்துவிட்டே கை வைக்கவும். கீழே அமைத்த தேதி, டிசி கம்பியின் அளவு, முழு லோடில் இரண்டு முனைகளுக்கு இடையே அன்று கண்ட வோல்ட் வித்தியாசம். அடுத்து வருபவர் முதலில் அந்த எண்ணைத்தான் திரும்ப அளக்க வேண்டும்.